குதிரைக்குப் பின்னால் ஒரு குடை

இந்தச் சஞ்சிகைக்கு நான் எழுத நினைத்திருந்தது வேறொரு கட்டுரை. குதிரையும் முஸ்லிம்களும் என்பதுதான் பொருள். 2019இல் அதற்கான குறிப்புகளால் ஒரு சீ.ஆர். கொப்பியில் பாதியை நிரப்பியிருந்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக் காயல் துறைக்குக் குதிரை ஏற்றிவந்த மரக்கலங்கள். ஆண்டுக்கு 1400 குதிரைகள் தருவதாக மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் பாண்டியனோடு செய்துகொண்ட ஏற்பாடு. கடலிலே செத்த குதிரைக்கும் விலை உண்டு என்ற நிபந்தனை. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்த செய்தி. இராவுத்தர் என்ற பெயருக்குக் குதிரை வீரர் என்று பொருள் இருப்பது. இவற்றையெல்லாம் அடுக்கி, பெருமையோடு ஒரு கட்டுரை. அதற்கு முகப்பாக ஒரு படம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவன். ஓதப்பள்ளியில் ஆதியாத் சூராவை மனனம் செய்தபோது, மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டு அது தொடங்குகிறது என்று லெப்பை விளங்கப்படுத்தினார். அன்றுவரை நான் குதிரையைக் கண்டதில்லை. காலண்டரில் பார்த்ததோடு சரி. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. பிறகு புத்தளத்து முகாமில் வளர்ந்தேன். கற்பிட்டிப் பக்கம் திரிந்த கழுதைகளில் ஏறி விழுந்து முழங்கையில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. என்னுடைய குதிரையேற்ற அனுபவம் அவ்வளவுதான். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, சில ஊர்களில் படிப்பித்து, 2013இல் கஷ்டப் பிரதேச சேவைக்காக நெடுந்தீவுக்குப் போனேன்.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறினால் ஒரு மணித்தியாலப் பயணம். முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், பனைகள், பெருக்குமரம், அதற்கப்பால் தெற்கேயும் மேற்கேயும் மரமே இல்லாத பெருவெளி. அந்த வெளியில்தான் குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள் என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் இங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. அது கைவிடப்பட்ட பின் எஞ்சியவை காட்டுக் குதிரைகளாகிவிட்டன. லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் போய்க் குதிரையைப் பிடிப்பதோ துரத்துவதோ குற்றம். உல்லாசப் பயணிகள் சிலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் பாண் துண்டைக் காட்டிக்கொண்டு பின்னால் போவார்கள்.

நான் சொல்ல வந்த குதிரை காட்டுக் குதிரையுமல்ல, முழு வீட்டுக் குதிரையுமல்ல. 2017இல் வரட்சி மோசம். நாற்பது வருடத்தில் இல்லாத வரட்சி என்று பத்திரிகைகள் எழுதின. வெளியில் இருந்த குட்டைகள் வற்றி வெடித்துவிட்டன. குதிரைகளின் விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். செத்த குதிரை ஒன்றின் பக்கத்தில் நின்ற குட்டியை என்னுடைய ஏழாம் தரத்து மாணவன் ஒருவன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்துவிட்டான். ஆட்டுப்பாலும் கரைத்த பால்மாவும் கொடுத்து அந்தக் குடும்பம் அதைக் காப்பாற்றியது. அவர்கள் கத்தோலிக்கர். தகப்பன் கடற்றொழில். தாயின் தகப்பன் அந்த வீட்டில் இருந்தார். தீவில் எல்லோரும் அவரை அப்பு என்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. வளர்ந்த பிறகும் அதன் பெயர் குட்டிதான்.

குட்டி பையனின் தோளில் முன்னங்காலைத் தூக்கிப் போடும். சட்டைப்பைக்குள் மூக்கை விடும். பின்புறத்தால் இடித்துக்கொண்டு நிற்கும், சொறிந்துவிட்டால்தான் நகரும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ஒரு வயதில் சிரிப்பதற்கு உரிய அந்தக் காரியங்கள் இரண்டு வயதில், நூற்றைம்பது கிலோவில், எலும்பை முறிக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனிதக் கையில் வளர்ந்த குட்டிக்கு மனிதனிடம் பயமில்லை, மரியாதையும் இல்லை. தாய்க்குதிரை கடித்தும் உதைத்தும் கற்பிக்க வேண்டிய எல்லையை யாரும் கற்பிக்கவில்லை. இதைப் பிறகு எனக்குச் சொன்னவர் ஒரு கால்நடை வைத்தியர்.

2019 ஜூலை, ஒரு சனிக்கிழமை. பையன் அப்போது ஒன்பதாம் தரம். அவன் குட்டியின் முதுகில் ஏறி வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதை வகுப்பில் நானே மெச்சியிருந்தேன். பிடரி மயிர் காற்றில் பறக்க, பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி அவன், பின்னணியில் கல்வேலி. இதுதான் என் மனதில் இருந்த படம். சோழகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. வெயில் போன் திரையில் விழுந்து ஒன்றும் தெரியவில்லை. நிழலுக்காக என் கையிலிருந்த குடையை விரித்தேன். அமுக்கினால் பட்டென்று விரியும் கறுப்புக் குடை. நான் நின்றது குதிரைக்கு நேர் பின்னால், ஏழெட்டு அடி தூரத்தில்.

அதற்குப் பிறகு நடந்தது ஐந்து விநாடிகூட இருக்காது. பையன் நைலோன் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். கயிறு நழுவாமல் இருக்க எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள். குட்டி பாய்ந்தது. அவன் முருகைக்கல்லின் மேல் இழுபட்டுப் போனான். இருபது இருபத்தைந்து அடி போயிருப்பான். தலைக்கயிற்றின் முடிச்சு அவிழ்ந்தபடியால்தான் பிள்ளை மிஞ்சினான். மணிக்கட்டு முறிந்து தொங்கியது, மண்டையில் பிளவு, சுண்டுவிரலின் நுனிக் கணு கயிற்றோடு போய்விட்டது. குடையை எங்கே எறிந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

தீவு வைத்தியசாலையில் காயத்தைக் கழுவிக் கட்டி ஏற்பு ஊசி போட்டார்கள். பிறகு படகு. சோழகக் கடலில் படகு தூக்கித் தூக்கிப் போட, நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். தாய் எதிரே செபமாலையோடு. குறிகட்டுவானில் அம்புலன்ஸ், புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம், பெரியாஸ்பத்திரி. எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். "குதிரை வெருண்டிட்டுது" என்றேன். எதனால் வெருண்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாய்க்கும் சொல்லவில்லை.

அது ஏன் என்று எழுதத்தான் வேண்டும். அந்த ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டு வெடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தீவில் ஒருவரும் என்னிடம் முகம் மாறிப் பேசவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்திருந்தது. படகில் ஏறும்போது பையைத் திறந்து காட்டிவிட்டு ஏறும் அளவுக்கு. இப்போது ஒரு கத்தோலிக்கப் பிள்ளையின் கை என்னால் போயிருக்கிறது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். "சேர், நீங்கள் யோசியாதேங்கோ, நீங்கள் இருந்தபடியால்தானே பிள்ளையக் கொண்டுவந்து சேர்த்தம்" என்று அந்தத் தாய் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த இரவை நான் எப்படிக் கழித்தேன் என்பதை விட்டுவிடுகிறேன்.

நான்காம் நாள் தீவுக்குத் திரும்பினேன். மாலையில் அப்பு என் விடுதிக்கு வந்தார். கையில் என் குடை. ஒரு கம்பி வளைந்திருந்தது, அதை நிமிர்த்தியிருந்தார்.

"மாஸ்டர், உங்கட குடை. வெளியில கிடந்தது."

நான் அழுதுவிட்டேன். நாற்பது வயது மனிதன் அழுவதைப் பார்க்காதது போல அவர் வாசலில் குந்தியிருந்து வெற்றிலை மடித்தார். பிறகு சொன்னார்: "குதிரைக்கு நேர பின்னால கண் தெரியாது. நீங்கள் அங்க நிண்டெல்லோ விரிச்சனீங்கள். அது புலியெண்டு நினைச்சிருக்கும். நீங்கள் அறியாமச் செய்தது. அவன் கயித்தைக் கையில சுத்தினது நான் சொல்லிக் குடாத பிழை. சின்னனில எனக்குத் தெரியும், சொல்லாம விட்டிட்டன்."

அடுத்த சனிக்கிழமை அவரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தேன்.

கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதும்போது முன்னறிவு என்று ஒரு பகுதி இருக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அதில் எழுத வேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு முன்னறிவு. எந்தக் கிழட்டுக் குதிரை எந்தக் கூட்டத்தை நடத்தும், எது கடிக்கும், எல்லாம் தெரியும். ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும். ஆனால் கிட்டப் போகத் தெரியாது, இறங்கத் தெரியாது, கயிறு பிடிக்கத் தெரியாது. எனக்கோ எதுவும் தெரியாது. அப்பு சொன்னதையும், பிறகு பெருநிலத்திலிருந்து வந்த கால்நடை வைத்தியர் திருத்தியதையும் சேர்த்து, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்குள் அதை நுழைத்தேன். அதிபர் ஒருமாதிரிப் பார்த்தார், தடுக்கவில்லை.

முதல் பாடம் கிட்டப் போவது. குதிரையின் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிவரப் பார்க்கும். பார்க்க முடியாத இடம் இரண்டு. நேர் பின்புறம் ஒன்று, மூக்குக்கு நேர் முன்னே கீழ்ப்புறம் மற்றது. ஆகையால் குரல் கொடுத்துக்கொண்டு, இடது தோட்பக்கமாக, சரிவாக நடந்து போகவேண்டும். முகத்தைத் தடவ நேரே கையை நீட்டக்கூடாது, முதலில் தோளைத் தொடவேண்டும். பின்னால் கடந்து போகத்தான் வேண்டுமென்றால் ஒன்றில் அதன் பின்புறத்தில் கைவைத்தபடி ஒட்டிப் போ, அல்லது உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போ. இடைத்தூரம்தான் ஆபத்து. ஒட்டி நிற்பவனுக்கு உதை தள்ளாகப் படும், நாலைந்து அடியில் நிற்பவனுக்கு முழு வேகத்தில் படும். நான் கரும்பலகையில் குதிரையை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, கண் தெரியாத பகுதிக்குச் சிவப்புச் சோக் தீட்டினேன். அந்தச் சிவப்புக்குள் ஒரு குடையையும் வரைந்தேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பையன் கையில் பிளாஸ்டருடன் முன்வாங்கில் இருந்தான்.

கயிறு பிடிப்பதற்கு ஒரு முழு நாள். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றாமல் பாம்பு மடிந்தது போல முன்னும் பின்னும் மடித்து, மடிப்பின் நடுவில் பிடிக்கவேண்டும். குதிரை இழுத்தால் மடிப்பு ஒவ்வொன்றாக விடுபடும், விரல் சிக்காது. கட்டும்போது ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சு. தோணிக்காரப் பிள்ளைகளுக்கு முடிச்சைக் கற்பிக்க நான் யார்? அவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள். ஆனால் எதில் கட்டுவது என்பதில் கவனமில்லை. தகரப் படலையிலும் ஒடிந்த வேலித்தடியிலும் கட்டுவார்கள். குதிரை வெருண்டு படலையோடு ஓடினால் படலை அதைத் துரத்துவது போலாகி, களைத்து விழும்வரை ஓடும். அசையாத தூணில், அதன் முதுகுயரத்தில், ஒரு முழக் கயிறு விட்டுக் கட்டவேண்டும். வெறுங்காலோடு பக்கத்தில் நிற்பதும் எனக்குப் பெரிய தலையிடி. தீவில் எந்தப் பிள்ளை செருப்பு போடும்? மூடிய சப்பாத்து இல்லாதவன் குதிரைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்றேன். பாடசாலைச் சப்பாத்தைக் கையில் கொண்டுவந்து அங்கே போட்டார்கள். குளம்பு பார்க்கும்போது நிலத்தில் உட்காரவோ முழங்காலில் நிற்கவோ கூடாது, குந்தியிருக்கவேண்டும், துள்ளி விலகலாம்.

அப்பு ஒரு மழுங்கிய வளைகம்பியால் குளம்புக்குள் இருக்கும் கல்லையும் முள்ளையும் எடுத்துக் காட்டினார். குதிகாலிலிருந்து நுனியை நோக்கித்தான் சுரண்டவேண்டும். நடுவில் முக்கோணமாக மெத்தென்றிருக்கும் இடத்தைக் குத்தக்கூடாது. முருகைக்கல் நிலத்தில் நடந்து இந்தக் குதிரைகளின் குளம்பு தானே தேய்கிறது, லாடம் தேவையில்லை. கட்டி வைத்து வளர்க்கும் குட்டிக்கு அந்தத் தேய்வு இல்லை, ஓரம் வெடித்திருந்தது. அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

பிள்ளைகளை மிகவும் கவர்ந்தது கணக்கெடுக்கும் பாடம். ஓய்வில் நிற்கும் குதிரையின் விலா ஒரு நிமிடத்தில் எட்டிலிருந்து பதினாறு தடவை எழுந்து தாழும். தாடையின் அடியில் விரல் வைத்தால் நாடி நாற்பதையொட்டி. மேல்முரசை விரலால் அமுக்கினால் வெளுக்கும், இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்பவேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியவேண்டும், மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் போதாது. தண்ணீர்தானே அந்தத் தீவின் கதை. சாராப்பிட்டிக் கிணறுகளைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் உவர். குட்டியின் அளவுக் குதிரைக்கு நாளொன்றுக்குப் பதினைந்து இருபது லீற்றர் வேண்டும், கோடையில் இன்னும் அதிகம். வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டவே கூடாது என்பது அப்புவின் கட்சி. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், மறுப்பதுதான் கேடு என்றார் வைத்தியர். இரண்டு பேரும் என் விடுதி வாசலில் வைத்து அரைமணி நேரம் வாதாடினார்கள். வைத்தியர் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன், அப்பு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒவ்வாவிட்டால் வயிற்றுக்குள்ளேயே கிடந்து வருத்தும். திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், நிலத்தைக் கிளறும், படுத்து உருளும், சாணம் போடாது. உயிர் போகிற வருத்தம் அது. மணலோடு சேர்த்து மேய்ந்தாலும் வரும், உல்லாசப் பயணி கொடுக்கும் பாணாலும் வரும். வைக்கோலையும் தவிட்டையும் நிலத்தில் கொட்டாமல் தாச்சியில் வைக்கச் சொன்னோம். இதற்குப் பிறகு பாண் பையோடு வருகிறவர்களைப் பிள்ளைகளே மறிக்கத் தொடங்கினார்கள், கொஞ்சம் கடுமையாகவே.

ஏறுவதைக் கடைசிக்கு வைத்தேன். இரண்டு வயதுக் குட்டியில் ஏறவே கூடாது. எலும்பு முற்றவில்லை, முதுகெலும்புதான் கடைசியாக முற்றும். முழுக்க வளர்ந்த குதிரையில்கூட அதன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏற்றுவது பாவம். நூற்றைம்பதை ஐந்தால் வகுக்கச் சொன்னேன். முப்பது. பையன் நாற்பத்திரண்டு கிலோ. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குட்டியைப் பாலூட்டி வளர்த்தவன் அவன். அது நோவோடு தன்னைச் சுமந்ததோ என்ற எண்ணம் அவனுக்கு விரல் போனதைவிடப் பெரிதாகப் பட்டது. இரண்டு வருடம் ஏறமாட்டேன் என்று தானாகவே சொன்னான், சொன்னபடி இருந்தான். அந்த இரண்டு வருடமும் ஒரு பனங்குற்றியில் சாக்கைக் கட்டி, அதிலிருந்து இறங்கப் பழகினார்கள். உடம்பை முன்னால் சாய்த்து, இரண்டு காலையும் ஒன்றாக எடுத்து, தள்ளிக் குதித்து விலகுவது. 1929இல் தொடங்கிய பிரித்தானியச் சிறுவர் குதிரைச் சங்கமான போனி கிளப்பில் ஏறுவதோடு குதிரையைப் பராமரிப்பதும் பாடம் என்று வைத்தியர் சொல்லக் கேட்டு, நாங்களும் அதே வழியில் போகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. தலைக்கவசம் மட்டும் கிடைக்கவில்லை. தகப்பனின் மோட்டார் சைக்கிள் கவசத்தை ஒருவன் போட்டு வந்தான், பாரம் தாங்காமல் தலை ஆடியது. பிறகு கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் சைக்கிள் ஓட்டும் சிறுவர் கவசம் இரண்டு அனுப்பினார். குதிரைக்கென்று செய்தது இல்லைதான். இருந்ததில் அதுவே நல்லது.

ஒருநாள் பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மார்க்கோ போலோ சொல்வதாக நான் குறித்து வைத்து, கட்டுரைக்கு வேண்டாம் என்று குறுக்கே கோடு போட்ட செய்தி ஒன்று அதில் இருந்தது. பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை, விற்கும் வணிகர்களோ குதிரை வைத்தியம் தெரிந்தவர்களைக் கூட்டிவருவதுமில்லை, வர விடுவதுமில்லை, குதிரை சாகச் சாக வியாபாரம் நடக்குமே என்று. அந்த வெனிஸ்காரர் எவ்வளவு மிகைப்படுத்தினாரோ, அல்லாஹ்தான் அறிவான். ஆனால் அந்த வணிகர்களைத்தான் நான் பெருமையோடு எழுத இருந்தேன். கோட்டை அழித்துவிட்டு அந்தக் குறிப்பை மறுபடியும் எழுதினேன்.

தாயிடம் உண்மையைச் சொன்னது அந்த வருடம் நத்தாருக்கு முன். அவர் அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். "அப்பு அண்டைக்கே சொன்னவர் சேர்" என்றார். தட்டில் இரண்டு பயற்றம் பணியாரம் வைத்துத் தந்தார். வேறொன்றும் பேசவில்லை.

2021இல் இடமாற்றம் கிடைத்து வேலணைப் பக்கம் வந்துவிட்டேன். அப்பு அதற்கு அடுத்த வருடம் மௌத்தானார். அடக்கத்துக்குப் போனேன். போன வருடம் ஆடியில் மீண்டும் தீவுக்குப் போகக் கிடைத்தது. பையன் இப்போது இருபது வயது இளைஞன், தகப்பனோடு தொழிலுக்குப் போகிறான். நான் போனபோது வெளியில் தன் தங்கைக்கு இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தான். குட்டிக்கு ஒன்பது வயது, பிடரி கறுத்து, ஆறுதலான குதிரையாகியிருந்தது. தங்கையின் தலையில் அந்தச் சைக்கிள் கவசம், கொக்கி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. பன்னிரண்டு தடவை எண்ணினேன். ஒருமுறைகூட ஓடவிடவில்லை. பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

வெயில் கொளுத்தியது. நான் குடையை விரித்தபடியே வேலியோரமாக நடந்து வந்திருந்தேன். என்னைக் கண்டதும் அவன் நாலு விரல் கையை உயர்த்திச் சத்தம் போட்டான்.

"சேர், குடைய மடிச்சு வேலியில வச்சிட்டு வாங்கோ. இந்தப் பக்கத்தால."

மடித்து வேலிக்கல்லின் மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டு, குரல் கொடுத்துக்கொண்டு, தோட்பக்கமாகப் போனேன்.